ஆடம்பரத்துக்கும் அடகுக்கும் நடுவே

ஓசூரில் டைட்டன் நிறுவனம் நகைத் தொழிலில் இறங்க முடிவெடுத்தபோது அதன் கண் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தது. அந்நியச் செலாவணிக்கு நாடு திண்டாடிய காலம். கடிகாரத்துக்கான உதிரிப் பாகங்களை இறக்குமதி செய்ய டாலர் வேண்டும். நகையை ஏற்றுமதி செய்து அந்த டாலரைச் சம்பாதிக்கலாம் என்பது திட்டம். நெருக்கடி தீர்ந்ததும் உள்நாட்டுச் சந்தைப் பக்கம் திரும்பினார்கள். 1996இல் தனிஷ்க் என்ற பெயரில் முதல் கடை திறந்தது. உள்ளே பெரும்பாலும் 18 கேரட் நகைகள். கல் பதித்தவை, மெல்லிய மேல்நாட்டு வேலைப்பாடு கொண்டவை. பார்க்க அவ்வளவு அழகு. வந்தவர்கள் பார்த்தார்கள், பாராட்டினார்கள், எழுந்து போய் வேறு கடையில் வாங்கினார்கள். 2000ஆம் ஆண்டு வரை நட்டம் ஏறிக்கொண்டே போனது.

இத்தனைக்கும் கடிகாரத்தில் இதே நிறுவனம் அசாத்தியமாக ஜெயித்திருந்தது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் அது. எச்.எம்.டி. வாட்ச் மணி பார்க்க என்றால், டைட்டன் வாட்ச் மாப்பிள்ளைக்குப் போட என்று ஆனது. மொசார்ட்டின் 25ஆம் சிம்பொனியிலிருந்து எடுத்த துண்டை விளம்பர இசையாக வைத்தார்கள். மொசார்ட் யாரென்று தெரியாத வீட்டிலும் அந்த இசை காதில் விழுந்தால் யாரோ யாருக்கோ பரிசு கொடுக்கிறார்கள் என்று புரிந்தது. வாட்ச்சை நம்பி எந்தக் குடும்பமும் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் திட்டம் போடுவதில்லை. ஆகவே அதில் அழகையும் கௌரவத்தையும் மட்டுமே விற்க முடிந்தது. நகையிலும் அதையே விற்கலாம் என்று எண்ணியதுதான் சறுக்கல்.

கல் பதிக்க 18 கேரட்தான் உறுதி. 22 கேரட் மெத்தென்றிருக்கும், நாளடைவில் கல்லின் பிடி தளரும். தொழில்நுட்பப்படி நிறுவனம் செய்தது சரியே. ஆனால் வாங்க வந்த பெண்ணின் மனத்தில் ஓடிய கேள்வி வேறு: நாளைக்கு ஒரு முடை என்றால் இதை வைத்து எவ்வளவு புரட்டலாம்? கால் பங்கு செம்பும் வெள்ளியும் கலந்ததைத் தங்கம் என்று சம்பந்தி வீட்டில் காட்டத்தான் முடியுமா?

இந்தக் கேள்வியிடம் தனிஷ்குக்கு முன்பே ஓர் அரசாங்கம் தோற்றிருக்கிறது. சீனப் போருக்குப் பிறகு, 1963 ஜனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 கேரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது. மக்களின் தங்க மோகத்தைக் குறைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். மோகம் குறையவில்லை, பொற்கொல்லர்கள் வேலையிழந்து தெருவுக்கு வந்தார்கள், கள்ளச் சந்தை கொழுத்தது. 14 கேரட் வரம்பைச் சில ஆண்டுகளிலேயே கைவிட வேண்டியதாயிற்று. 1968இல் தனிச் சட்டமாகவே ஆன தங்கக் கட்டுப்பாடு 1990இல் ஒருவழியாக நீக்கப்பட்டது. சட்டம் போட்டு மாற்ற முடியாததைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு மாற்றிவிடலாம் என்று ஒரு நிறுவனம் நினைத்ததை என்னவென்று சொல்வது?

வணிக மேலாண்மை வகுப்பறைகளில் இப்போது அதிகம் அடிபடும் பேச்சு, கைக்கெட்டும் ஆடம்பரம். கோடீஸ்வரர்களுக்கான ஆடம்பரத்துக்கு ஒரு படி கீழே, மாதச் சம்பளக்காரர்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மனத்தைத் தேற்றிக்கொண்டு வாங்கக்கூடிய பொருள்கள். கோச் கைப்பை, மைக்கேல் கோர்ஸ் வாட்ச் வகையறா. இவற்றை உள்ளூர்ப் பண்பாட்டுக்குத் தக்கபடி மாற்றி விற்க வேண்டும் என்பது பாடம். மாற்றுவதென்றால் என்ன என்பதில்தான் குழப்பம். தீபாவளிக்கு ஒரு சிவப்புப் பெட்டி, விளம்பரத்தில் குத்துவிளக்கு, பட்டுப்புடவை கட்டிய மாடல், பின்னணியில் கொஞ்சம் நாதஸ்வரம். இது முடிந்தால் பண்பாட்டு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வாடிக்கையாளரின் பண்பாடு அவருடைய உடையிலும் பண்டிகையிலும் இருப்பதைவிட அதிகமாக அவருடைய வரவு செலவு நோட்டில் இருக்கிறது என்பது என் கட்சி. தங்க நகையைப் போல அதற்கு நல்ல சாட்சி வேறில்லை. நாட்டின் தங்க நுகர்வில் ஏறத்தாழ 40 சதவீதம் தென்மாநிலங்களுடையது என்று உலகத் தங்கக் கவுன்சில் சொல்கிறது.

தனிஷ்க் மீண்ட கதையையே பாருங்கள். 22 கேரட்டுக்கு இறங்கி வந்தது முதல் படி. அது பெரிய விஷயமில்லை. தெருவுக்குத் தெரு 22 கேரட் விற்றுக்கொண்டிருந்தார்கள், அல்லது விற்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த 'அல்லது'வில்தான் நிறுவனம் கை வைத்தது. எக்ஸ் கதிர் பாய்ச்சி, நகையைச் சுரண்டாமல் உருக்காமல், சில நிமிடங்களில் எத்தனை கேரட் என்று காட்டும் இயந்திரத்தைக் கடைக்குள் கொண்டுவந்து வைத்தது. கேரட்மீட்டர் என்று அதற்குப் பெயர். எங்கே வாங்கிய நகையானாலும் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள்.

அதுவரை மாத்துப் பார்ப்பதென்றால் உரைகல்லும் பத்தரின் கண்ணும்தான். பத்தர் சொன்னால் சொன்னதுதான். குடும்பத்துக்கென்று ஒரு பத்தர், மூன்று தலைமுறைப் பழக்கம், அவரைச் சந்தேகிப்பது சொந்தக்காரரைச் சந்தேகிப்பது போல. கடைக்கும் அப்படித்தான். கே.டி.எம். என்று பொடி எழுத்தில் பொறித்திருந்தால் போதும், தரமான தங்கம் என்று நம்பிவிடுவோம். அந்த எழுத்துகள் பற்றவைக்கப் பயன்பட்ட கேட்மியத்தைக் குறிக்கின்றன, தங்கத்தின் தரத்தை அல்ல என்பது பலருக்குத் தெரியாது. இந்த நம்பிக்கையின் மீதுதான் இயந்திரத்தின் கதிர் விழுந்தது. 22 என்று நினைத்திருந்த வளையல் திரையில் 19 என்றோ 20 என்றோ நின்றது. பலர் கடையிலேயே கண் கலங்கினார்கள் என்று சொல்வார்கள்; நம்பக்கூடியதுதான்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் அந்தப் பிராண்டை யாருக்கும் பிடித்திருக்காது. ஊரார் எல்லாரும் ஏமாளிகள் என்று சொல்லிக் காட்டும் ஒருவரிடம் போய் யார் வியாபாரம் செய்வார்கள்? அடுத்ததாக ஒரு திட்டம் அறிவித்தார்கள். 19 கேரட்டுக்கு மேல் 22க்குள் இருக்கும் பழைய நகையைக் கொடுங்கள், செய்கூலியை மட்டும் கட்டிவிட்டு 22 கேரட் நகையாக எடுத்துச் செல்லுங்கள். குறையும் தங்கத்தின் விலை நிறுவனத்தின் தலையில். இதன் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். ஏமாந்தது வாடிக்கையாளரின் குற்றமாகவில்லை. வீட்டுக்குப் போய் மாமியாரிடம் சொல்லக்கூடிய செய்தியாக அது மாறியது. தங்கத்தில் மானமும் பணமும் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் ஊரில் இரண்டுக்கும் சேர்த்து ஈடு கொடுத்தார்கள். மேல்நாட்டு வேலைப்பாடு சம்பாதித்துத் தராத மதிப்பை இந்த ஒரு கணக்கு சம்பாதித்துத் தந்தது. 2003 வாக்கில் டைட்டன் வருவாயில் 40 சதவீதம் நகையிலிருந்து வந்தது.

இன்னொன்றையும் உள்ளூரிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்: நகைச் சீட்டு. மாதா மாதம் ஆயிரமோ ஐயாயிரமோ கட்டி, கடைசியில் ஒரு தவணையைக் கடைக்காரர் கணக்கில் வாங்கி நகை எடுக்கும் பழக்கம் தமிழ்நாட்டுக் கடைவீதிகளில் வெகுகாலமாக இருப்பது. டாடா நிறுவனம் அதையே கோல்டன் ஹார்வெஸ்ட் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டது. பெயர் ஆங்கிலம், உள்ளே இருப்பது நம் ஊர்ச் சீட்டு அட்டைதான்.

நகைக் கடையில் பில் போடும் இடத்துக்கு அருகில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இந்தப் பண்பாடு எப்படி இயங்குகிறது என்று தெரியும். அம்மா, மகள், கூட ஒரு சித்தி. செயினைத் தேர்ந்தெடுத்தது மகள். அதற்கு அரை மணி நேரம் ஆனது, அம்மா வாயே திறக்கவில்லை. எஸ்டிமேட் சீட்டு வந்ததும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார். மொத்த எடை, கல் எடை, நிகர எடை, அன்றைய கிராம் விலை என்று விரல் இறங்கி வந்து சேதாரம் என்ற வரியில் நிற்கிறது. "சேதாரம் எவ்வளவு தம்பி போட்டிருக்க?" "பன்னெண்டு பர்சென்ட்தான்மா, இந்த டிசைனுக்கு எல்லாக் கடையிலயும் பதினாலு வரும்." "போன தடவ எட்டுக்குத் தந்தீங்களே?" "அது மெஷின் செயின்மா, இது கை வேல." சித்தி குறுக்கிடுகிறார்: "மேனேஜரக் கூப்பிடு." மேனேஜர் வருகிறார், அம்மாவுக்கு ஒரு வணக்கம், காபி சொல்கிறார், பத்துக்கு இறங்குகிறது. அம்மா முகத்தில் திருப்தி.

பவுன் 90 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பவுன் செயினில் 12 சதவீதச் சேதாரம் 10,800 ரூபாய். அதற்கும் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. ஆடம்பரப் பொருள் விற்கும் எந்த நாட்டிலும் அழகுக்காகக் கொடுக்கும் கூடுதல் விலையை விற்பவர் மறைத்துத்தான் வைப்பார். கைப்பையின் விலைச்சீட்டில் தோலுக்கு இவ்வளவு, பெயருக்கு இவ்வளவு என்று பிரித்தா எழுதியிருக்கிறது? நம் நகை பில்லில் எழுதியிருக்கிறது. அந்த 10,800தான் நாம் ஆடம்பரத்துக்குக் கொடுக்கும் விலை. மீதி சேமிப்பு என்று வீட்டில் பெயர். அந்த வரியைக் கேள்வி கேட்கும் உரிமையை வாடிக்கையாளர் விட்டுக்கொடுக்க மாட்டார். பேரம் கிடையாது, ஒரே விலை என்று கறாராக நின்ற பெருநிறுவனங்களும் காலப்போக்கில் செய்கூலியில் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்று பலகை வைக்கக் கற்றுக்கொண்டன. நேருக்கு நேர் பேரம் பேசுவது கௌரவக் குறைவென்றால் பலகை பேசட்டும்.

லலிதா ஜுவல்லரி உரிமையாளர் கிரண்குமார் மொட்டைத் தலையோடு தானே விளம்பரத்தில் வந்து, எங்கள் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொன்னது இந்த வரியைக் குறிவைத்துத்தான். அழகியல்படி பார்த்தால் அந்த விளம்பரத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த அம்மாவின் விரல் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

திருச்சூரில் 1993இல் தொடங்கிய கல்யாண் ஜுவல்லர்ஸ் வேறு வழியில் வந்தது. தமிழ்நாட்டில் பிரபு, ஆந்திரத்தில் நாகார்ஜுனா, கர்நாடகத்தில் சிவராஜ்குமார், கேரளத்தில் மஞ்சு வாரியர், வடக்கே அமிதாப் பச்சன். இந்தப் பட்டியலில் பிரபுவையும் நாகார்ஜுனாவையும் சிவராஜ்குமாரையும் இணைப்பது ஒன்று: மூவரும் அந்தந்த ஊரின் மாபெரும் நடிகர்களின் பிள்ளைகள். சிவாஜி கணேசன், நாகேஸ்வர ராவ், ராஜ்குமார். நம்பிக்கை, அதானே எல்லாம் என்று பிரபு சொல்லும்போது பேசுவது ஒரு நடிகர் மட்டுமில்லை, நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. கேரளத்துக் கடை என்ற அந்நியத்தன்மை அந்தக் கன்னத்துக் குழியில் கரைந்து போயிற்று. முகத்தை மாற்றுவது மேலோட்டமான வேலை என்று சற்று முன் சொன்னேன். இதை விதிவிலக்காகவே வைக்கலாம். இங்கே மாறியது அலங்காரமல்ல, ஜாமீன்தாரர்.

வைரத்தில் நடந்தது இன்னும் சுவையானது. டிபியர்ஸ் உலகமெங்கும் விற்ற கனவு ஒற்றைக் கல் மோதிரம். ஆண் மண்டியிட்டு நீட்டுவது. இங்கே மாப்பிள்ளை மண்டியிடும் வழக்கம் இல்லை, நிச்சயதார்த்தத்தில் மண்டியிட்டால் இடுப்பு பிடித்துக்கொண்டதோ என்று ஓடிவருவார்கள். தென்னிந்தியப் பெண்ணின் வைர ஆசை ஏழு கல் தோடு, எட்டுக்கல் பேசரி என்று வேறு திசையில் இருந்தது. 2000 வாக்கில் நட்சத்திரா என்ற பெயரில் ஏழு சிறு கற்களைப் பூவாக அடுக்கி, ஐஸ்வர்யா ராயை வைத்து அவர்கள் சந்தைக்கு வந்தபோது விலையும் கைக்கெட்டியது, வடிவமும் பழகியதாக இருந்தது. பெரிய கல் ஒன்றின் விலை எட்டாதவருக்குச் சின்னக் கல் ஏழு. அந்தத் தோட்டையும் வாங்கிக்கொண்டு போய் மூன்று நாள் சாமி அறையில் வைத்து, வீட்டில் சண்டை வருகிறதா, யாருக்காவது காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. எந்த உலகத்தரச் சான்றிதழிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

சில இடங்களில் பிராண்டுகளால் நுழையவே முடிவதில்லை. தாலி அதில் ஒன்று. தனிஷ்க் 2017இல் ரிவா என்ற பெயரில் கல்யாண நகைகளுக்கென்று தனி வரிசை கொண்டுவந்து, தமிழ் மணப்பெண், தெலுங்கு மணப்பெண், வங்காள மணப்பெண் என்று பிரித்துக் காட்டியது. தமிழ் மணப்பெண் என்று ஒரே ஒருத்தி இருக்கிறாளா என்ன? பொட்டுத்தாலிக்காரர்கள் வேறு, சிறுதாலிக்காரர்கள் வேறு, நகரத்தாரின் கழுத்துரு முற்றிலும் வேறு. யாழ்ப்பாணத்தில் நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கல் என்று ஒரு சடங்கே நடக்கும். ஆச்சாரியார் முன்னிலையில் பொன்னை உருக்கித்தான் தாலிக்கு எடுப்பார்கள். ஐந்து லட்ச ரூபாய்க்குப் பெரிய கடையில் நகை எடுத்த குடும்பம் தாலியை மட்டும் பத்தர் வீட்டில் சொல்லிச் செய்வதை இன்றும் பார்க்கிறோம். அது நல்லதுதான். எல்லாவற்றையும் ஒரு பிராண்டு தனதாக்கிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமா?

எதிர்த் திசையிலும் ஒன்று நடந்திருக்கிறது. அட்சய திருதியை அன்று விடியற்காலையில் தி.நகரில் வரிசையில் நிற்பது நம் பாட்டிமார் அறியாத பழக்கம். தானம் செய்யும் நாளாக இருந்ததைத் தங்கம் வாங்கும் நாளாக ஆக்கியதில் நகைக் கடைகளின் விளம்பரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கே பிராண்டு பண்பாட்டுக்குத் தக மாறவில்லை, பண்பாட்டைத் தனக்குத் தக மாற்றிக்கொண்டது. அன்று ஒரு கிராம் காசு வாங்கி வருபவரை நான் கேலி செய்ய மாட்டேன். அந்த ஒரு கிராமை அவர் எந்தக் காலத்திலும் விற்கலாம்.

2020 அக்டோபரில் தனிஷ்க் ஒரு விளம்பரம் வெளியிட்டது. முஸ்லிம் மாமியார், இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துகிறார். சமூக ஊடகங்களில் மிரட்டல் கிளம்பியதும் சில நாள்களுக்குள் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. மறுமணம் செய்துகொள்ளும் பெண்ணை, அவளுடைய சின்ன மகளோடு, மணமேடையில் காட்டிய 2013 விளம்பரத்தைப் பாராட்டிய அதே நாடு இது. எந்தக் கடையும் தன் ஊழியர்களை ஆபத்தில் தள்ள முடியாது என்பது புரிகிறது. ஆனால் வளைகாப்பின் அழகை எடுத்துக்கொள்ளத் துணிந்தவர்கள் அதன் பொறுப்பை ஏற்காமல் பின்வாங்கியபோது, கடன் வாங்கிய அலங்காரம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது தெரிந்துவிட்டது.

இப்போது கதை தலைகீழாகத் திரும்புகிறது. 1996இல் நாலாயிரம் ரூபாய்ச் சுமாருக்கு விற்ற பவுன் 2025 அக்டோபரில் 90 ஆயிரத்தைத் தாண்டியது. அன்று கையால் தொட மறுத்த 18 கேரட்டை இன்று வேலைக்குப் போகும் பெண்கள் விரும்பி வாங்குகிறார்கள். 14 கேரட்டும் போகிறது. 2008இல் சென்னையில் இணையக் கடையாகத் தொடங்கிய கேரட்லேன், இலேசான, அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகக்கூடிய வைர நகைகளை இந்தக் கேரட்டுகளில் விற்று வளர்ந்தது. டைட்டன் 2016இல் அதன் பெரும்பங்கை வாங்கியது. 2023இல் எஞ்சியிருந்த 27 சதவீதச் சொச்சத்துக்கு மட்டும் 4,621 கோடி ரூபாய் கொடுத்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2025 ஜூலை முதல் 9 கேரட்டையும் ஹால்மார்க் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆயிரத்தில் 375 பங்கு மட்டுமே தங்கம். மொரார்ஜி தேசாய் கேட்டதைவிடக் குறைவு!

இதைப் பார்த்துவிட்டு இளைய தலைமுறையின் பண்பாடு மாறிவிட்டது, நகை இனி சேமிப்பு இல்லை, வெறும் அணிகலன் என்று சந்தையாளர்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2025 ஏப்ரலில் நகைக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வரைவு விதிகள் கொண்டுவந்தபோது, அடகு வைக்கும் நகை தன்னுடையதுதான் என்று ஆதாரம் காட்ட வேண்டும் என்றதும் தமிழ்நாட்டில் எழுந்த கொதிப்பு நினைவிருக்கும். முதல்வர் நிதியமைச்சருக்குக் கடிதமே எழுதினார். பாட்டி போட்ட சங்கிலிக்கு யார் பில் வைத்திருக்கிறார்கள்? ஜூனில் வந்த இறுதி விதிகள் பல இடங்களில் தளர்ந்தன. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றானது. இத்தனை பேர் கவலைப்பட்ட ஒரு பொருளை வெறும் அணிகலன் என்று எப்படிச் சொல்வது? மகள் 14 கேரட் வாங்குவது சேமிப்பில் நம்பிக்கை இழந்ததால் அல்ல, 22 கேரட்டில் நினைத்த நகை எட்டாமல் போனதால்.

ஆகவே அடுத்த சிக்கல் பில்லில்தான் வரப்போகிறது. வங்கியோ அடகுக் கடையோ கல்லுக்கு மதிப்புப் போடுவதில்லை, தங்கத்தையும் அதன் தரத்துக்கேற்பத்தான் மதிக்கும். 60 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய 14 கேரட் வைரத் தோட்டில் தங்கத்தின் பங்கு எவ்வளவு என்பது பல பேருக்கு முதல் முடை வரும் நாளில்தான் தெரியவரும். கேரட்மீட்டர் முன்னால் கலங்கி நின்ற அந்தப் பெண்களின் மகள்கள் அன்று இன்னொரு மேசையின் முன் நிற்பார்கள். இந்த முறை எந்தக் கடையும் பொய் சொல்லியிருக்காது, பில்லில் எல்லாம் இருக்கும், யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். திருப்பி வாங்கும்போது தங்கத்துக்கு எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு, எதற்குக் கழிவு என்பதை எஸ்டிமேட் சீட்டிலேயே, சேதார வரிக்கு நேர் கீழே, தமிழில், அம்மாவின் கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். 19 கேரட்டுக்கு 22 கொடுக்கும் துணிச்சல் ஒரு காலத்தில் ஒரு நிறுவனத்துக்கு இருந்தது. இதற்கு அதில் பாதி போதும்.